டியூப் லைட் சோக்கில் கரண்ட் எவ்வளவு பின்தங்குகிறது?

இண்டக்டரில், அதாவது கம்பிச் சுருளில், மின்னழுத்தத்துக்கு 90 டிகிரி (கால் சுற்று) பின்னால்தான் கரண்ட் வரும் என்று பிளஸ் டூவில் படித்ததை, அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் (ஸ்கோப்) பார்த்துவிடலாம் என்று, பரணில் கிடந்த பழைய 40 வாட் காப்பர் சோக்கை எடுத்தேன். சோக்கும் ஒரு இண்டக்டர்தான்.

230 வோல்ட் பக்கம் போகவில்லை. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, லைனில் மாட்டினால் ஷார்ட்தான், அதனால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். சோக்கோடு சீரிஸில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரில் மின்னழுத்தமும் கரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் அதன் மேல் தெரியும் அலையைக் கரண்டாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சேனல் அங்கே, இன்னொன்று மொத்த 12 வோல்ட்டுக்கு.

50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், 90 டிகிரி என்றால் 5 வர வேண்டும். வந்தது 4.6, கிட்டத்தட்ட 83 டிகிரி. சோக்கின் கம்பிக்கே மல்டிமீட்டர் 40 ஓம் காட்டுகிறது, அதோடு என் 10 ஓம், மீதி 7 டிகிரியைத் தின்றது இவைதான். இதிலிருந்து இண்டக்டன்ஸ் சுமார் 1.25 ஹென்றி. 10 ஓமை எடுத்துவிட்டு 390 ஓம் போட்டதும் இடைவெளி 2.4 மில்லிசெகண்டாகச் சுருங்கியது.

சரி, ஆனால் சைன் அலையைப் பார்த்தால் கரண்ட் ஏதோ தாமதமாகக் கிளம்புவது போலத்தான் தோன்றுகிறது, ஏன் என்று பிடிபடாது. அது சதுர அலையில்தான் தெளிந்தது. 10 மில்லிஹென்றி காயிலுக்கு ஃபங்ஷன் ஜெனரேட்டரில் (வேண்டிய வடிவத்தில் அலை தரும் கருவி) 20 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தால் கரண்ட் அழகான முக்கோணம்: மின்னழுத்தம் பிளஸ்ஸாக இருக்கும் வரை ஏறுகிறது, மைனஸுக்குத் தாவிய அதே நொடியில் இறங்கத் தொடங்குகிறது. தாமதமே இல்லை. மின்னழுத்தம் தீர்மானிப்பது கரண்டின் அளவை அல்ல, அது ஏறும் இறங்கும் வேகத்தை. சைனில் மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொடும்போது கரண்ட் உச்சியில் நிற்பதும் இதனால்தான், அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம். 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் முக்கோணம் வளைந்து மேலே தட்டையாகிவிடுகிறது, அங்கே ரெசிஸ்டன்ஸ் ஜெயித்துவிடுகிறது.

அடுத்து, சோக்கோடு சீரிஸில் 4 மைக்ரோஃபாரட் ஃபேன் கெபாசிட்டர் இரண்டைப் பேரலலாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கெபாசிட்டர் கரண்டை எதிர்ப்பக்கம், அதாவது முன்னால் தள்ளும் என்பதால், கணக்குப்படி 50 ஹெர்ட்ஸில் இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும், ஆனால் வெறும் 12 வோல்ட்டிலேயே சோக்கின் மேல் 90 வோல்ட் வரை ஏறலாம், 10 ஓம் ரெசிஸ்டரும் அரை வாட்டுக்கு மேல் சூடாகும். முதலில் ஒரு 2 வாட் ரெசிஸ்டர் வாங்க வேண்டும்.