போஸ்ட்கிரெஸ் வளர்ந்த வழி

1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பதிப்புகளுள், 2001இல் வெளிவந்த 7.1ஐயே மிகப் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுக் கோப்புகளில் எழுதுமுன் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை அதில் அறிமுகமானதால், மின்சாரம் திடீரென நின்றாலும் உறுதிசெய்யப்பட்ட தரவை மீட்க முடிகிறது. மின்வெட்டுகளுக்கிடையே கணினி பயின்ற யாழ்ப்பாணத்தவருக்கு இதன் அருமை நன்கு விளங்கும். அதே பதிவேட்டை இன்னொரு வழங்கிக் கணினிக்குத் தொடர்ந்து அனுப்பிப் பிரதியெடுக்கும் வசதி 2010இல், 9.0 பதிப்பில் வந்தது.

என் மனத்துக்கு நெருக்கமானது 2017இன் 10ஆம் பதிப்பு. அது, பல மொழிகளின் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ (ICU) என்ற மென்பொருள் நூலகத்தின் வரிசை விதிகளை ஏற்றதால், அச்சுவேலி முதல் வல்வெட்டித்துறை வரையான ஊர்ப்பெயர்களை, இயங்குதளம் எதுவாயினும், தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்க இயலுகிறது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து முழுத் தரவுத்தளத்துக்கும் அவ்விதிகளையே இயல்பு வரிசையாக அமைக்கலாம்.