சவுக்குத் தோப்பின் உயரம்

வரைபடத்தில் ஒரே ஒரு குப்பத்தின் நிறத்தை மட்டும் மாற்றும் அந்த ஒரு வரியைக் கணினி நிரலில் சேர்த்திருக்கக் கூடாது என்று ஆபீஸ் மேடம் சொன்னது இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். சாயங்காலம் வண்டியில் ரெட்டிச்சாவடி தாண்டும்போது இல்லை என்று தோன்றும்.

கடலூர்க் கரையோரக் குப்பங்களில் எதெது வெள்ளத்துக்குத் தாழ்வு என்று பட்டியல் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடம் தருவதுதான் வேலை. அதுவரை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மவுஸ் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். பைத்தான் என்ற நிரல்மொழியை இந்த வேலைக்காகத்தான் கற்றுக்கொண்டேன். பைத்தானில் வரைபட வேலைக்கு இருக்கும் ஜியோபாண்டாஸ் என்ற தொகுப்பு புதிதாக வருபவர்களுக்கு முதலில் காட்டும் வேடிக்கை பஃபர்தான், அதாவது ஒன்றைச் சுற்றி இத்தனை தூரம் என்று பட்டை போடுவது. அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் இருக்கும் தரவுக்கு 500 என்று கொடுத்தால் 500 மீட்டர் வராது, 500 பாகை வரும். பூமியே அதற்குள் அடங்கிவிடும். நம் பக்கத்துக்கு உரிய ஆயத்தொலை முறையின் 32644 என்ற எண்ணைப் போட்டு மீட்டருக்கு மாற்றினால்தான் உப்பனாற்றங்கரையில் ஒழுங்காக ஒரு பட்டை விழும்.

அது பிடிபட்ட பிறகு வந்த மயக்கத்தையும் சொல்ல வேண்டும். தாழ்வு மட்டத்தை 4 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு மாற்றி ஓட்டினால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாக் குப்பமும் புது நிறத்தில் நிற்கும். முன்பெல்லாம் இது ஒரு நாள் வேலை. கை படாமல் வருவதால் அதில் பொய் இருக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

நில உயரத்துக்கு நாங்கள் எடுத்தது எஸ்ஆர்டிஎம் என்ற தரவு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்தது. 30 மீட்டர் கட்டம், உயரம் முழு மீட்டரில். மலைப்பக்கம் ஒரு மீட்டர் முன்னே பின்னே போனால் ஒன்றுமில்லை. நம் கரையிலோ ஒரு மீட்டர் என்பது வீட்டுக்குள் தண்ணீர் வருமா, வாசலோடு நிற்குமா என்கிற கணக்கு.

வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு சரிபார்க்கப் போன குப்பத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பச்ச எங்க ஊருதானே?"

"ஆமாங்கய்யா. பச்சைன்னா மேட்டுப் பகுதி."

"மேடா? யாரு அளந்தது?"

"விண்கலத்துலேர்ந்து ரேடார் வெச்சு அளந்ததுங்கய்யா."

"எப்ப?"

"ரெண்டாயிரத்துல."

"அப்ப இங்க சவுக்கு நின்னுச்சு. தானே புயல்ல எல்லாம் சாஞ்சுது. மழ பேஞ்சா தண்ணி மொத மொதல்ல இங்கதான் நிக்கும்."

அந்த "எப்ப?" என்னை விடவில்லை. எங்கள் ஆபீஸில் யாரும் அதைக் கேட்டதில்லை. தரவின் ஆண்டை வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். போட்டதே போதும் என்று இருந்தேன். ரேடார் அடர்ந்த தோப்பின் தரைவரை போவதில்லை, இலைக்குள்ளேயே எங்கோ பட்டுத் திரும்பிவிடும், அதனால் தோப்பு நிற்கும் இடம் மேடாகத் தெரியும் என்பதும் படித்ததுதான். படித்ததையும் அந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்.

அவர் வீட்டில் மின்மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தது. சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு அடித்தும் மறையாத ஒரு பழுப்புக் கோடு. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, இந்தக் குப்பத்தின் நிறத்தைச் சிவப்பாக மாற்று என்று ஒரு வரி எழுதினேன். பக்கத்தில் 'களத்தில் பார்த்தது' என்று குறிப்பும் போட்டேன். ஒளித்து வைக்கவில்லை. மேடம் பார்த்ததும் கூப்பிட்டார்.

"மத்த குப்பத்துக்கெல்லாம் போனீங்களா?"

"சிலதுக்குத்தான் மேடம்."

"போகாத ஊர்ல சவுக்கு நிக்கலையா? எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி தப்பா இருந்தா அது மெத்தட். ஒரு ஊருக்கு மட்டும் சரியா இருந்தா அது சலுகை."

பதில் சொல்ல வரவில்லை. சிவப்பு என்றால் பட்டியலில் முதலில் வரும் ஊர். தங்குமிடமோ ரோடோ வந்தால் அங்கேதான் முதலில் வரும். ஒருவர் கேட்டார், கிடைத்தது. கேட்க ஆளில்லாத ஊர் பச்சையிலேயே நிற்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சவுக்கு நம் பக்கத்தில் பயிர். நாலைந்து வருஷத்தில் வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். 2011 டிசம்பரில் தானேயில் சாய்ந்த மரமும் 2000 பிப்ரவரியில் நின்ற மரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த மாதம் தோப்பு வளர்ந்து நின்றதா, வெட்டி வெறும் நிலமாகக் கிடந்ததா என்று பெரியவருக்கு அத்தனை துல்லியமாக நினைவிருக்குமா? அவர் சொன்ன காரணம் தப்பாகவே இருக்கலாம். ஆனால் சுவரில் கோடு இருக்கிறது. இதையே நீட்டி யோசித்தால், ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு குப்பங்களில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் வந்ததற்கு, 2000இல் யார் தோப்பை வெட்டினார்கள், யார் வெட்டவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். இதைத்தான் மெத்தட் என்கிறோமா என்று மேடத்திடம் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தரும் ஃபேப்டெம் என்ற உயரத் தரவு இருக்கிறது. அதன் உரிமம் வணிக வேலைக்கு இடம் தராது. நாங்கள் காசு வாங்கிச் செய்கிறவர்கள். தனியாக அனுமதி வாங்க பட்ஜெட்டில் இடமில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் அந்த வரி நின்றது. மேடம் எடுக்கச் சொல்லவில்லை, கூடவே பொறுப்பு உங்களுடையது என்றார். அதற்குப் பிறகு செய்த வரைபடங்களின் பட்டியலில் நான் ஒரு பத்தியைச் சேர்த்துவிடுகிறேன்: நேரில் பார்த்ததா, ஆம் அல்லது இல்லை. பெரும்பாலும் இல்லை என்றே வருகிறது. போன முறை வேலை கொடுத்தவர்கள் அச்சுப் பிரதியில் அந்தப் பத்தி வேண்டாம், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்றார்கள். எடுத்துவிட்டுக் கொடுத்தோம். எக்செல்லில் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.