சொட்டு நீர் மானியம்: சிட்டா எடுப்பதில் இருந்து சோதனை ஓட்டம் வரை

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஒன்றிய அரசின் திட்டப்படி இந்த விகிதம் முறையே 55, 45 சதவீதம் மட்டுமே. மேலே இருப்பது மாநில அரசு தன் பங்காகப் போடுவது. காகிதம் சரியாக இருந்தால் மானியம் கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. வயலுக்கும் மோட்டாருக்கும் பொருந்துகிற அமைப்பு கிடைப்பதுதான் சிக்கல். ஓசியில் வருகிறது என்று, சொட்டு நீர் அமைப்பைப் போட்டுத் தரும் கம்பெனியின் ஆள் போட்ட வரைபடத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் வருடமே குழாயைச் சுருட்டி வரப்பில் வைத்திருக்கும் தோட்டங்கள் நிறைய உண்டு. அதனால் காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அளவுகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 40.5 ஏர். வேறு கிராமத்தில் உள்ள நிலமும் கணக்கில் சேரும், அதை மறைத்து வாங்கிய சான்று பின்னால் வம்பாகும். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் ஒப்புதலுக்குப் போகும். மனு யாரிடம் நிற்கிறது என்பதை ஒப்புகை எண்ணை வைத்துப் பார்க்கலாம். விஏஓ மேசையில் நின்றால் நேரில் போய்ச் சிட்டா நகலைக் கொடுத்து நினைவுபடுத்துவதுதான் வழி.

சிட்டா, புலப்படம் இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் நடப்புப் பசலிக்கு உரியதாக இருக்க வேண்டும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் மாறுகிறது. ஜூன் மாதம் வாங்கிய அடங்கலை ஆகஸ்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவற்றோடு ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம் வேண்டும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

காகிதத்தில் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டு வகையினர். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேரில் இருப்பவர்கள் ஒரு வகை. இவர்கள் வாரிசுச் சான்று எடுத்துப் பட்டா மாறுதல் செய்யாமல் அடுத்த அடி வைக்க முடியாது. கூட்டுப் பட்டாக்காரர்கள் இன்னொரு வகை. சர்வே எண்ணில் நான்கு பேர் இருந்தால் யார் எந்தப் பக்கம் அனுபவிக்கிறார்கள் என்பது சிட்டாவில் தெரியாது. மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சம்மதம் வராது என்று தெரிந்தால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. குத்தகை நிலமாக இருந்தால் குறைந்தது ஏழு ஆண்டுக் குத்தகைப் பத்திரம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகை இங்கே செல்லாது.

விண்ணப்பம் மிமிஸ் (MIMIS) என்ற அரசின் நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் பதியப்படுகிறது. வாழை, காய்கறி, மா என்றால் தோட்டக்கலைத் துறை. கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் என்றால் வேளாண்மைத் துறை. நீங்களே பதியலாம், ஆனால் வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவதே மேல். சர்வே எண்ணில் உட்பிரிவு தவறினால் பிறகு திருத்துவது பெரும்பாடு. நிதி ஆண்டின் தொடக்கத்தில், ஏப்ரல் தொடங்கி ஜூலைக்குள், கொடுத்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலக்கை முடிக்கிற அவசரத்தில் வயலை யாரும் நின்று அளக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அமைப்பைப் போடச் சொல்லி அரசு தரும் பணி ஆணை வரும்வரை ஒரு குழாய்கூடப் பதிக்காதீர்கள். முன்கள ஆய்வில் வெறும் நிலத்தை இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுப்பார்கள். அங்கே பழைய லேட்டரல் (பயிர் வரிசையோடு ஓடும் மெல்லிய சொட்டுக் குழாய்) கிடந்தால், ஏற்கனவே அமைப்பு இருக்கிறது என்று குறிப்பு எழுதிவிடுவார்கள்.

இனி அளவுகள். கம்பெனியைத் தேர்வு செய்ததும் அவர்களின் ஆள் வயலை அளக்க வருவார். அந்த அரை நாளில் முடிவாவதுதான் மிச்சத்தை எல்லாம் தீர்மானிக்கிறது. அவர் வருவதற்கு முன்பு மூன்று விவரங்களை நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும்: அடுத்த சில ஆண்டுகளுக்கு என்ன பயிர் வைக்கப் போகிறீர்கள், மோட்டார் மணிக்கு எவ்வளவு தள்ளுகிறது, தண்ணீர் எப்படிப்பட்டது.

பயிர் என்று எழுதும் இடத்தில்தான் குழாயின் நீளம் முடிவாகிறது. மானியத்துக்கு அரசு நிர்ணயிக்கும் அலகு விலையே லேட்டரல் இடைவெளியை வைத்துப் போடப்படுகிறது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். தென்னை என்று எழுதி 7.5 மீட்டர் இடைவெளி போட்டால், வரிசைக்கு ஒரு லேட்டரல் கணக்கில் 540 மீட்டர் குழாய் வரும். வாழைக்கு 1.8 மீட்டர் என்றால் 2,248 மீட்டர். காய்கறிக்கு 1.5 மீட்டர் என்றால் 2,698 மீட்டர். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் ஏழு ஆண்டு கழித்துத்தான். இப்போது நிற்கிற தென்னைக்கு மட்டும் வாங்கிவிட்டு, அடுத்த வருடம் அதையே தக்காளிக்கு இழுத்துக் கட்ட நினைத்தால் குழாய் எட்டாது. வாழையும் காய்கறியும் மாற்றி மாற்றி வைக்கிற தோட்டம் என்றால் நெருக்கமான இடைவெளியைக் கேளுங்கள். வாழை வைக்கும்போது மிச்சக் குழாயைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரின் தள்ளுதிறனை எச்.பி.யை வைத்துச் சொல்லக் கூடாது. ஐந்து எச்.பி. என்றால் ஆழத்தைப் பொறுத்து எவ்வளவு வேண்டுமானாலும் மாறும். 200 லிட்டர் பேரலை டெலிவரிக் குழாயின் கீழே வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்க்க வேண்டும், கோடையில் பார்த்தால் இன்னும் சரி. ஐப்பசி மழையில் கிணறு தளும்பும்போது எடுத்த அளவை நம்பிப் போட்ட அமைப்பு சித்திரையில் காற்றைத்தான் தள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரல் 60 நொடியில் நிரம்புகிறது என்றால் மணிக்கு 12,000 லிட்டர். ஒரு ஏக்கர் வாழை, 1.8 மீட்டர் இடைவெளி, இன்லைன் (சொட்டுவான் உள்ளேயே பதித்த) லேட்டரலில் 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். 2,248 மீட்டரில் சுமார் 3,750 சொட்டுவான்கள், மொத்தத் தேவை மணிக்கு 15,000 லிட்டர். மோட்டாரோ 12,000 தான் தள்ளுகிறது. ஒரே திறப்பில் விட்டால் முதல் பத்து வரிசை பீய்ச்சும், கடைசி வரிசை அழும். ஆகவே இரண்டு பிரிவு, இரண்டு கேட் வால்வு. ஒவ்வொரு பிரிவுக்கும் 7,500 லிட்டர் போதும், மிச்சத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பப் பைபாஸ் வால்வு வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் ஏறி, லேட்டரலைப் பிடித்திருக்கும் ரப்பர் குரோமெட் எல்லாம் பிடுங்கிக்கொள்ளும். இந்த இடைவெளியில் மரத்துக்கு மூன்று சொட்டுவான், மணிக்கு 12 லிட்டர். இரண்டு மணி நேரம் விட்டால் 24 லிட்டர், வெயில் காலத்துக்கே சரியாக இருக்கும். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நான்கு மணி நேர மும்முனை மின்சாரம். உங்கள் ஊரில் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் வருகிறது என்பதோடு இதை ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 மி.மீ. லேட்டரலை 60 மீட்டருக்கு மேல் ஒரே பக்கமாக இழுக்க விடாதீர்கள். நீள வயல் என்றால் சப் மெயினை (லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துத் தரும் குழாயை) நடுவில் கொண்டுவந்து இரண்டு பக்கமும் லேட்டரல் பிரிக்கச் சொல்லுங்கள். சரிவு இருந்தால் சப் மெயின் மேட்டுப் பக்கம் வர வேண்டும். வரைபடம் போடுகிறவர்கள் குழாயை மிச்சம் பிடிக்க ஓரத்தில் கொண்டுபோவார்கள், அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஃபில்டர் தண்ணீரைப் பார்த்து வைக்க வேண்டியது. போர்வெல்லில் மணல் வந்தால் முதலில் மணலைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், அதன் பின் வலை வைத்த ஸ்கிரீன் ஃபில்டர். திறந்த கிணறு, பண்ணைக்குட்டைத் தண்ணீரில் பாசி வரும். அதற்கு மணல் ஃபில்டர் இல்லாமல் வெறும் ஸ்கிரீன் வைத்தால் தினமும் கழற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விலைப்புள்ளியில் பெரும்பாலும் ஸ்கிரீன் ஃபில்டர் மட்டும்தான் எழுதியிருக்கும், கேட்டால்தான் மாற்றுவார்கள். நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக் கேட்டால் மறுக்க முடியாது. உரம் விட வென்ச்சுரி, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி பொருத்த இடம், மேட்டில் ஏர் வால்வு, சப் மெயின் முடிவில் ஃப்ளஷ் வால்வு ஆகியவை பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நூறு சதவீதம் என்பது அந்த அலகு விலைக்குள்தான். கிணறு வயலிலிருந்து தள்ளி இருந்தால் மெயின் குழாயின் கூடுதல் நீளம் உங்கள் கையைக் கடிக்கும். இதற்குத் துணை நீர் மேலாண்மைத் திட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. குழாய் பதிக்கவும், மோட்டார் வாங்கவும், தரைமட்டத் தொட்டி கட்டவும் பாதி விலை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. சொட்டு நீர் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வது அபூர்வம். பள்ளம் தோண்டும் கூலியும் பெரும்பாலும் விவசாயி தலையில்தான்.

பணி ஆணை வந்ததும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேட்டரல் எத்தனை மீட்டர், எந்த அளவுக் குழாய், எத்தனை வால்வு, சேவைக் காலம் எத்தனை ஆண்டு எல்லாம் அதிலும் விலைப்புள்ளியிலும் இருக்கும். பொருள் இறங்கும்போது சுருள்களை எண்ணி, ஒவ்வொரு சுருளின் நீளத்தையும் பெருக்கிப் பாருங்கள். இன்லைன் குழாயின் மேல் ஐஎஸ் 13488 என்றும், பிவிசி குழாயின் மேல் ஐஎஸ் 4985 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையோடு அச்சிட்டிருக்க வேண்டும். அச்சில்லாத சுருள் ஒன்றிரண்டு நடுவில் வந்திருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். திருப்பி அனுப்பினால் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பிவிசி குழாய் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் போக வேண்டும், அதற்கு மேலே இருந்தால் டிராக்டர் கலப்பை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தட்டிவிடும். லேட்டரல் மாட்டியதும் முனையை உடனே மூடக் கூடாது. துளை போட்ட பிவிசி தூள் வெளியேறும்வரை தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம்தான் எண்ட் கேப்.

சோதனை ஓட்டத்துக்கு அலுவலரும் கம்பெனி ஆளும் வருவார்கள். நீங்கள் ஒரு அளவு டம்ளரையும் கைபேசிக் கடிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 லிட்டர் என்றால் ஆறு நிமிடத்தில் 400 மில்லி. முதல் லேட்டரலின் முதல் சொட்டுவான், நடு லேட்டரலின் நடு, கடைசி லேட்டரலின் கடைசி ஆகிய மூன்று இடத்திலும் பிடித்துப் பாருங்கள். கடைசியில் 360 மில்லிக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். பிரிவு பெரிதாக இருக்கும், அல்லது ஃபில்டரில் தடை, அல்லது சப் மெயின் சிறிது. அதைச் சரிசெய்த பிறகு திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பணம் நேராகக் கம்பெனிக்குப் போவதால், அந்தக் கையெழுத்து விழும்வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை. 75 சதவீதக்காரர்கள் தங்கள் பங்கு 25 சதவீதத்தை வங்கி வழியாகவே கட்டி ரசீது வாங்க வேண்டும். சிறு விவசாயியிடம் 'செலவுக்கு' என்று ரொக்கம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு ஃபில்டரின் இரண்டு அழுத்தமானிகளுக்கும் இடையே அரை கிலோ (சதுர செ.மீ.க்கு) வித்தியாசம் வந்துவிட்டால் கழுவ வேண்டும். மானி இல்லாதவர்கள் ஸ்கிரீனை நாள்தோறும் கழுவி, லேட்டரல் முனைகளை வாரம் ஒரு முறை திறந்துவிட்டால் போதும். உப்புத் தண்ணீர்ப் பக்கம் சொட்டுவானில் வெள்ளைப் படிவம் கட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து வென்ச்சுரி வழியாக உள்ளே விட்டு, ஒரு நாள் அடைத்து வைத்துப் பிறகு முனைகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். சேவைக் காலத்தில் கம்பெனி ஆள் வரவில்லை என்றால் தொலைபேசியில் சத்தம் போட்டுப் பயனில்லை. மிமிஸ் பதிவு எண்ணையும் பணி ஆணை நகலையும் இணைத்து வட்டார உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.