விவரணை எழுதும் நாட்கள்

ஜூலை 4, வெள்ளி

புதிய இனமோ என்று விவரிக்க எடுத்துக்கொண்ட ஸ்பிரிங்டெயிலை, அந்தச் சிறு ஆறுகால் துள்ளுவிலங்கை, உடலைத் தெளிவாக்கும் லாக்டிக் அமிலத்தில் இட்டாயிற்று. இனி அதன் நிறத்தை யாரும் பார்க்க முடியாது. பார்த்ததை எழுதி வைத்திருக்கிறேன்: வெண்மை, கண் இருக்க வேண்டிய இடத்தில்கூட ஒரு கரும்புள்ளியும் இல்லை.

ஜூலை 5, சனி

உடல் மெல்ல மெல்லத் தெளிகிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் என்றாலும், நேரம் சற்றே கூடினால் உணர்கொம்பின் மெல்லிய உணர்மயிர்கள் வெளிறி, அருகிலுள்ள சாதாரண மயிர்களிலிருந்து பிரித்தறிய முடியாதவையாகிவிடும். முதிர்ந்தது என்று நான் நம்பும் ஒரே உடல் இதுதான். மற்றவை எல்லாம் இளம் பருவத்தவை, அவற்றை டி.என்.ஏ.வுக்கு ஒதுக்கியிருக்கிறோம். திசுவை நொதியால் கரைத்தெடுத்த பிறகும் வெற்றுத் தோல் முழுதாக மிஞ்சும் என்பதால் அவையும் வீணாகா, ஸ்லைடில் ஏறும்.

தெளிவிப்பதற்கு முன் குடல் நிறைந்திருந்தது. பழுப்பு நிறத் திரளுக்குள் பூஞ்சை வித்துகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஏன் என்று தெரியாமலே அதையும் குறித்துக்கொண்டேன்.

எடுத்த இடத்தின் பெயரைக் கட்டுரை வெளியாகும்வரை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 7, திங்கள்

ஸ்லைடில், மாதிரியை நிலைநிறுத்தும் ஹாயர் கலவையில் பதித்துவிட்டேன். முதுகு மேலே, தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கவர் ஸ்லிப்பை இறக்கியபோது உணர்கொம்புகள் இரண்டும் தாமாகவே விரிந்துகொண்டன. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீரானது.

இன்று முழுவதும் உணர்கொம்புதான். ஸ்பிரிங்டெயிலின் உணர்கொம்பு நான்கு கண்டங்களால் ஆனது. பூச்சிகளில் உணர்கொம்பை அசைக்கும் உள்தசைகள் அடிக்கண்டத்தில் மட்டுமே இருக்கும். இங்கேயோ நுனிக்கண்டத்தைத் தவிர ஒவ்வொன்றும் அடுத்ததை அசைக்கத் தன் தசையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆறு கால் இருந்தும் இவற்றைப் பூச்சிகளிலிருந்து தனியே வைப்பதற்கு இது ஒரு காரணம். வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பது இன்னொன்று. மூன்றாம் கண்டத்தின் நுனியில் இரண்டு மிகச் சிறிய உணர்மயிர்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்திருக்க, அவற்றுக்கு இருபுறமும் காவல்போல் இரண்டு நீண்ட உணர்மயிர்கள் நிற்கின்றன. நான்காம் கண்டத்தின் உச்சியில் ஒரு குமிழ். அது பிளவுபடாத ஒற்றைக் குமிழ் என்பதை மும்முறை குவியம் மாற்றிப் பார்த்த பிறகே வரைந்தேன்.

இதற்கு ஒப்பான பழைய இனத்தின் மூல மாதிரியைக் கேட்டு, அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்திற்குக் கடிதம் அனுப்பியாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

உணர்கொம்புப் பின்னுறுப்பு, இடப்பக்கம்: நான்கு மடல்கள்.

ஜூலை 9, புதன்

வலப்பக்கம் ஐந்து தெரிகிறது.

காலையிலிருந்து இதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. உணர்கொம்பின் அடிக்குப் பின்னால், கண் இருக்கக்கூடிய இடத்துக்கு முன்னால், தோலில் ஒரு சிறு குழி. அதற்குள் மடல்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. இடப்பக்கத்தில் அவை நான்கு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வலப்பக்கத்திலோ எண்ணெயிட்ட நூறு மடங்கு லென்ஸில், குவியம் மேலே இருக்கும்போது நான்கும், ஒரு நூலிழை கீழே இறக்கினால் நந்தியாவட்டைப் பூவைப் போல் ஐந்தும் தெரிகின்றன. ஐந்தாவது உண்மையிலேயே மடல்தானா, அல்லது குழியின் விளிம்பு ஒளியில் அப்படித் திரள்கிறதா? மடலாகவே இருந்தாலும் அது இந்த ஒரு விலங்கின் பிசகா, இனத்தின் இயல்பா? இன்னொரு முதிர்ந்த உடல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இரவில் வேறொரு சாத்தியம் தோன்றித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஸ்பிரிங்டெயில்கள் முதிர்ந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் தோலுரித்துக்கொண்டே இருப்பவை. உரிக்கப்போகும் தறுவாயில் பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவாகி நிற்கும்; அப்போது மயிர்கள் இரட்டிப்பாகத் தெரியும், உறுப்புகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நான் காணும் ஐந்தாவது மடல் அடுத்த தோலுக்கு உரியதாக இருந்தால்?

ஜூலை 10, வியாழன்

குடல் நிறைந்திருந்தது! தோலுரிக்கும் தறுவாயில் இவை உண்பதை நிறுத்திவிடும். நடுக்குடலின் உட்படலமே கழன்று வெளியேறும். கழிவை வடிக்கும் மால்பிஜி குழாய்கள் இல்லாத இந்த உடல், படலத்தில் சேர்ந்த கழிவையும் அதனோடு தள்ளிவிடுகிறது. சனிக்கிழமை நான் குறித்துவைத்த வித்துகள் நிறைந்த குடல், இது உரிக்கும் தறுவாயில் இருந்த உடல் அன்று என்று சொல்கிறது. உறுதிப்படுத்திக்கொள்ள முதுகு மயிர்களின் அடிக்குழிகளையும் பார்த்தேன்: எங்கும் ஒற்றை விளிம்புதான்.

ஆகவே ஐந்தாவது இந்தத் தோலுக்கே உரியது. அது மடல்தானா என்பது அப்படியே நிற்கிறது.

ஜூலை 11, வெள்ளி

கடிதத்திற்குப் பதில் இல்லை.

ஜூலை 14, திங்கள்

பேராசிரியரிடம் வரைபடங்களைக் காட்டினேன். பின்னுறுப்பை அவர் பார்க்கவே இல்லை. "இது முதிர்ந்ததா என்று முதலில் சொல்லம்மா. புதியதா என்பதை அப்புறம் பேசலாம்," என்றார்.

அவர் சொல்வது சரியே. மயிரமைப்பு பருவத்திற்குப் பருவம் மாறும். இளம் பருவ உடலை வைத்து ஓர் இனத்தை விவரித்துவிட்டால், பின்னால் வருபவர்கள் முதிர்ந்ததைக் கண்டு இன்னொரு பெயர் சூட்டுவார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருக்கும். ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட ஸ்பிரிங்டெயில் இனங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. அவற்றின் பட்டியலைப் புரட்டும்போது, ஒரு பெயருக்குக் கீழே இன்னொன்று அடங்கிக் கிடப்பதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறேன்.

நாளை வயிற்றின் ஐந்தாம் கண்டம். முதுகு மேலே இருக்கும்படி பதித்திருப்பதால் உடலின் முழுத் தடிமனையும் கடந்து பார்க்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

திறப்பு இருக்கிறது. ஐந்தாம் கண்டத்தின் அடிப்புறத்தில், குறுக்காக ஓடும் ஒரு பிளவு, அதைச் சுற்றிச் சில நுண்மயிர்கள். முதிர்ந்த பெண்.

முதலில் மங்கலாக ஒரு நிழல் மட்டுமே தெரிந்தது. ஒளியைக் குவிக்கும் கண்டன்சரைத் தாழ்த்தி, ஒளியைக் குறைத்து, குவியத்தை மிக மெதுவாக இறக்கிக்கொண்டே போனேன். முதுகுத்தோலின் மணிகள் மறைந்தன, குடலின் எச்சம் மறைந்தது, ஒரு கணம் எதுவுமே இல்லாத வெளிச்சம் மட்டும் இருந்தது, பிறகு அந்தப் பிளவின் இரு உதடுகளும் கூர்மையாக வந்து நின்றன. பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சரி, இனி எழுதலாம்," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

ஜூலை 16, புதன்

கால்கள். இந்த ஸ்பிரிங்டெயில் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால், நடுக்கால், பின்னங்கால் ஆகியவற்றின் கடைக்கண்டத்தில் முறையே 19, 19, 18 மயிர்கள் இருப்பது பெரும்பான்மை வழக்கம். நானும் அதையே எண்ணினேன். வழக்கத்தோடு பொருந்துவதைக் காணும்போது ஒரு நிம்மதி வருகிறது. எண்ணும் கண்ணை நம்பலாம் என்ற நிம்மதி அது. நகத்தின் உட்புறத்தில் ஒரே பல், நடுவைச் சற்றுக் கடந்து. நகத்திற்கு எதிரேயுள்ள துணைநகம் நூல்போல் மெலிந்து முடிகிறது.

ஜூலை 17, வியாழன்

வயிற்றின் அடிப்புறம், முன்னிருந்து பின்னாக.

முதல் கண்டத்தில் வயிற்றுக்குழல். ஸ்பிரிங்டெயில் அல்லாத எந்த விலங்கிலும் இல்லாத உறுப்பு இது. ஈரமான பரப்பிலிருந்து நீரையும் உப்புகளையும் உள்வாங்குவது இதன் முதன்மைப் பணி. இந்த மாதிரியில் இருபுறமும் நான்கு நான்கு மயிர்கள். மூன்றாம் கண்டத்தில் துள்ளுறுப்பைப் பூட்டி வைக்கும் கொக்கி. ஒவ்வொரு கிளையிலும் மூன்று பற்கள். நான்காம் கண்டத்தில் துள்ளுறுப்பு. இதன் அடித்தண்டு, இரண்டு கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் உள்ள முனைத்துண்டு ஆகியவை முழுமையாக இருந்தாலும், எல்லாமே குறுகியவை. வயிற்றோடு மடங்கிக் கொக்கியில் மாட்டியிருக்கும் இந்த உறுப்பு விடுபட்டுத் தரையை அறையும்போதுதான் விலங்கு எகிறுகிறது. இவ்வளவு குறுகிய உறுப்பால் இது எவ்வளவு தூரம் எகிறியிருக்கும்? உயிரோடு இருந்தபோது இது துள்ளி நான் பார்க்கவில்லை, நடந்ததைத்தான் பார்த்தேன். விவரணையில் நடையைப் பற்றிய வாக்கியத்திற்கு இடமில்லை என்பது வருத்தம்தான்.

ஜூலை 18, வெள்ளி

க்ருபேரா கட்டுரையை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். மேற்குக் காக்கசஸில், அப்காசியாவின் அராபிகா மலைத்தொகுதியில் உள்ள அந்தக் குகையில் 2010இல் குகை ஆய்வாளர்கள் திரட்டிவந்த ஸ்பிரிங்டெயில்களில் புதியவை நான்கு. நவர்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டானாவும் பக்கேரோவும் 2012இல் அவற்றை விவரித்தார்கள். புளூட்டோமுரஸ் ஆர்ட்டோபலகனென்சிஸ் என்ற இனம் நிலமட்டத்திலிருந்து 1980 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அவ்வளவு ஆழத்தில் அதுவரை எந்தத் தரைவாழ் விலங்கும் பதிவாகியிருக்கவில்லை. நாளிதழ்கள் அந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. நான் திரும்பத் திரும்பப் படிப்பது என் மாதிரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஷேஃபேரியா புரோஃபுண்டிசிமாவின் பகுதியையும், மோப்ப உறுப்பு வியக்கத்தக்க அளவுக்கு வளர்ந்திருக்கும் அனுரிடா ஸ்டீரியோஓடொராட்டாவின் பகுதியையும்.

நான்குக்கும் கண்கள் இல்லை. ஸ்பிரிங்டெயிலுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுக் கண்மணிகள்வரை இருக்கலாம். இருட்டில் அவை குறைந்து குறைந்து முற்றிலும் நீங்கிவிடுகின்றன. கண் போன இடத்தில் வேதிப்பொருளை உணரும் உறுப்பு விரிவதை அனுரிடாவில் பார்க்கும்போது, என் விலங்கின் ஐந்தாவது மடலும் அந்தத் திசையில் வைத்த ஓர் அடிதானோ என்று நினைக்கத் தோன்றுகிறது. நினைக்கலாம். விவரணையில் எழுதக் கூடாது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து என்பதே நான் கண்டது.

ஜூலை 19, சனி

நுண்ணோக்கி மாத இறுதியில் வேறு ஆய்வகத்திற்குப் போகிறது. அதற்குள் முதுகு மயிரமைப்பை முடித்தாக வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

தலை முடிந்தது. மார்பின் முதல் கண்டத்தில் இருபுறமும் மூன்று மூன்று மயிர்கள். இரண்டாம் கண்டத்தின் நடுவில் கண் எரியத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ரைனியெல்லாவின் பழைய படங்களைப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் ரைனி படிகப்பாறையில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான ஸ்பிரிங்டெயில். 1926இல் அதை விவரித்த இருவரில் ஒருவர் சமரேந்திர மௌலிக் என்னும் இந்தியர். இதை நம் கல்லூரி வகுப்புகளில் யாரும் சொல்லாதது எனக்கு நெடுநாள் குறை. உடைந்த தலைகளையும் தாடைகளையும் கல்லுக்குள்ளேயே நோக்கி அவர்கள் வரைந்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது முழு உடல், தெளிந்த உடல், எண்ணெய் லென்ஸ். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூலை 22, செவ்வாய்

முதுகின் ஒவ்வொரு கண்டத்திலும் மயிர்கள் மூன்று குறுக்கு வரிசைகளில் நிற்கும். முன்வரிசை ஏ, நடுவரிசை எம், பின்வரிசை பி. நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஜப்பானியரான யோசி 1960இல் இந்தக் குடும்பத்திற்கு வகுத்துத் தந்த ஒழுங்கையே இன்றும் பின்பற்றுகிறோம். எண்ணுவது கடினமன்று. எந்த மயிர் எது என்று முடிவு செய்வதுதான் கடினம், ஏனெனில் ஒன்று இல்லாமற்போனாலோ சற்று முன்னேறி நின்றாலோ அடுத்தடுத்த பெயர்கள் அனைத்தும் மாறிவிடும்.

எல்லாம் நான்காம் வயிற்றுக்கண்டத்தின் பின்வரிசையில் வந்து நிற்கிறது. பி1 நீண்டதா, பி2 நீண்டதா? நெருங்கிய இனங்களைப் பிரிப்பது பல நேரங்களில் இந்த ஒரே வேறுபாடு. என் மாதிரியின் இடப்பக்கத்தில் பி1 நீண்டது, தடித்தது, நுனி மழுங்கியது. பி2 அதன் பாதி உயரம்கூட இல்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய இனத்தின் மூல விவரணையோ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மயிர்களை ஒவ்வொன்றாகப் பெயரிடும் பழக்கமில்லை. கண்கள் இல்லை, நிறம் வெண்மை, குதமுட்கள் இரண்டு என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அந்த மூன்றும் என் விலங்குக்கும் பொருந்தும்! அந்த ஸ்லைடைப் பார்க்காமல் இதைப் புதிய இனம் என்று அறிவிக்க எனக்கு உரிமையில்லை.

ஜூலை 23, புதன்

பதில் வந்தது. ஹோலோடைப்பை, அதாவது இனத்தின் பெயருக்கு ஆதாரமான அந்த மூல மாதிரியை, வெளியே அனுப்ப மாட்டார்கள். ஸ்லைடின் ஓரத்தில் கலவை படிகமாகத் தொடங்கியிருக்கிறதாம். பயணம் தாங்காது என்கிறார் காப்பாளர். அவர்களே படமெடுத்து அனுப்புவதாகவும், எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று கேட்டும் எழுதியிருக்கிறார். முகமறியாத ஒருவருக்காக இவ்வளவு மெனக்கெடும் அவருக்கு எப்படி நன்றி சொல்வது? இரு பக்கத்துப் பின்னுறுப்புகளும், நான்காம் வயிற்றுக்கண்டத்தின் முதுகும், கொக்கியின் பற்களும் வேண்டும் என்று உடனே பதில் அனுப்பினேன். பற்களைக் கடைசியில்தான் சேர்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

பி3, பி4 முடிந்தன. மழை. மின்சாரம் இருமுறை போனது.

ஜூலை 26, சனி

முதல் படம் வந்திருக்கிறது: நான்காம் வயிற்றுக்கண்டம், முதுகுப்புறம். பெரிதாக்கிப் பார்த்தேன். பி1 குறுகியது, பி2 நீண்டது. இரண்டு பக்கமும் அப்படியே. ஐயத்திற்கு இடமே இல்லை. பேராசிரியருக்கு உடனே அனுப்பினேன். "உன் மாதிரியில் வலப்பக்கத்தையும் பார்த்துவிட்டாயா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

வலப்பக்கத்து பி1 குடலின் எச்சத்திற்கு நேர் மேலே விழுவதால் அதன் அடிக்குழி மட்டுமே தெரிகிறது. குழி பெரியது, இடப்பக்கத்துக் குழியின் அளவே இருக்கிறது. ஆனால் குழியை அளந்து மயிரின் நீளத்தைச் சொல்ல முடியாது. திங்களன்று ஒளியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.