மேரி நட்ட மரம்

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில் தோட்டத்து ஆப்பிளைப் பறித்து அப்படியே கடித்தேன். பல் கூசிவிட்டது, அவ்வளவு புளிப்பு. காய் போலிருக்கிறது என்று இரண்டு வாரம் விட்டுப் பார்த்தேன். அதே புளிப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்தார். "அது பிராம்லி ரகம். அடுப்பில் ஏற்றினால்தான் அதன் அருமை தெரியும்."

பார்க்கவும் லட்சணம் கிடையாது. உள்ளங்கைக்கு அடங்காத பெரிய பழம், ஒரு பக்கம் கோணலாக, அமுக்கிவிட்டாற்போல் தட்டை. பச்சைத் தோலில் வெயில் பட்ட பக்கம் மட்டும் மங்கிய சிவப்பு. குட்டைக் காம்பு. சில வாரம் எடுத்துவைத்தால் தோல் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுக்கும். கெட்டுப்போய்விட்டது என்று முதல் வருஷம் நாலைந்தைத் தூக்கி எறிந்தேன். அது தானாக ஊறும் மெழுகுதானாம்!

தோல் சீவி, துண்டு போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து அடுப்பில் வைத்தேன். சில நிமிஷத்தில் துண்டுகளின் ஓரம் வெள்ளையாக உப்பியது. அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரைத்துக் குழைந்துவிட்டது, மசிக்க வேலையே இல்லை. மாலிக் அமிலம் அதிகம் என்பதால் சர்க்கரை போட்டு வேகவைத்தாலும் புளிப்பு போகாது. மற்ற ஆப்பிள்கள் பலவும் வெந்ததும் வெறும் இனிப்பாகிவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற இளம்பெண் போட்ட விதை இது. 1846இல் அந்த வீட்டை வாங்கியவர் மாத்யூ பிராம்லி, கசாப்புக்காரர். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டபோது, பழத்துக்குத் தன் பெயரை வைக்கவேண்டும் என்று பிராம்லி நிபந்தனை போட்டாராம். நட்டது ஒருத்தி, பெயரைத் தட்டிக்கொண்டு போனது இன்னொருவர். மேரி 1852லேயே இறந்துவிட்டாள். ஆப்பிள் விதை தாய்மரத்தின் குணத்தைக் கொடுக்காது, எல்லாம் ஒட்டுதான். ஆக, என் தோட்டத்தில் நிற்பதும் அவள் மரத்தின் துண்டுதான். வீட்டில் அதை மேரி என்றுதான் கூப்பிடுகிறோம்.

மேரிக்கு ஒரு குறை. பெரும்பாலான ஆப்பிள்களுக்கு 34 குரோமோசோம் என்றால் இதற்கு 51, அதனால் மகரந்தம் உருப்படியாக இருக்காது. காய்க்க வேறு மரத்தின் தயவு வேண்டும். பாட்டியின் வேலியோரத்தில் நிற்கும், சின்னஞ்சிறு பழம் விடும் கிராப் ஆப்பிள் மரம்தான் மகரந்தம் கொடுத்து அந்த வேலையைச் செய்கிறது. கூலியாக வருஷம் ஒரு கூடை அவருக்கு. இந்த வருஷம் இரண்டு கேட்டிருக்கிறார்.