டுலூத் நாட்கள்

ஆகஸ்ட் 29

மகளின் பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதி இன்று. ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 30

பிரைட்டன் பீச். மகள் காரை விட்டு இறங்கவில்லை. சுப்பீரியர் ஏரியைப் பார்த்தால் கடல் என்றுதான் வாயில் வருகிறது, உப்பு வாடை ஒன்றுதான் குறை. கால் வைத்தால் விறைக்கிறது. இங்கே அகேட் என்கிற வரிவரியான ரத்தினக்கல் கிடைக்குமாம். சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கினேன், பதினேழு கல். மாப்பிள்ளை சிரிக்காமல் பிரித்து வைத்தார். "வெயிலுக்கு நேரே பிடிங்க அத்தை. வெளிச்சம் உள்ளே போனால்தான் அகேட். இல்லேன்னா ஜாஸ்பர்." பன்னிரண்டு ஜாஸ்பர், மூன்று ரயோலைட் என்கிற எரிமலைக்கல், ஒரு செங்கல் துண்டு. ஒன்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31

அந்த ஒன்று. பெரிய நெல்லிக்காய் அளவு. மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். ஓரத்தில் தேன் நிறத்தில் வெளிச்சம் போகிறது, நடுவில் இருட்டு. வரி இருக்கிறதா? நனைத்தால் இருக்கிறது, காய்ந்தால் இல்லை. என் கண் புரையாகவும் இருக்கலாம்.

கத்தியால் கீறிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. போச்சு, சுண்ணாம்புக்கல் என்று நினைத்தேன். விரலால் தேய்த்தால் கோடு அழிந்தது! கல் கீறவில்லை, கத்திதான் தேய்ந்திருக்கிறது. சரி, அகேட்டும் சேர்ந்த குவார்ட்ஸ் சாதிதான். ஆனால் வரி?

செப்டம்பர் 1

அசைவு குறைந்தது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு மணி நேரம் மானிட்டர். நன்றாக இருக்கிறதாம், வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ராத்திரி கல்லை எடுக்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 2

இங்கே எரிமலைக்குழம்பு ஓடியது 110 கோடி வருடத்துக்கு முன்னாலாம். அது இறுகும்போது உள்ளே மாட்டிய வாயுக்குமிழிகளில் சிலிக்கா படலம் படலமாகப் படிந்தது. சிவப்பு, இரும்பால் வந்தது. அப்புறம் பனிப்பாறை எல்லாவற்றையும் உடைத்து இழுத்து வந்து போட்டிருக்கிறது. 1969-இல் இந்த அகேட்டை மினசோட்டாவின் மாநில ரத்தினமாக்கினார்கள். ஸ்டேட் பார்க்கில் மட்டும் பொறுக்கக் கூடாதாம்.

வகுப்பில் இருபது வருடம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளைப் பற்றிப் பேசினேன். அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒன்றைக்கூடக் கையில் தொட்டதில்லை.

செப்டம்பர் 3

மழை. லேகியம் ஃப்ரிட்ஜில் கல்லாகிவிட்டது. மகள் என்னிடம் பேசவில்லை, "வலி வந்துச்சா" என்று ஐந்து தடவை கேட்டேனாம்.

செப்டம்பர் 4

காலை ஆறரைக்கு வெயில் எதிரே இருக்கும்படி நடந்தேன். ஈரக் கற்களுக்கு நடுவே ஒன்று பல்பு மாதிரி எரிந்தது. குனிந்தால் பீர் பாட்டில் சில்லு. என் கல்லையும் அந்த வெயிலில் பிடித்தேன். ஓரத்தில் மூன்று வரி, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. மூன்றுதான். போதும்.

செப்டம்பர் 5, காலை 3.10

பனிக்குடம் உடைந்துவிட்டது. ஃபைல், ஃப்ளாஸ்க், ஸ்வெட்டர். கோட்டுப் பையில் கல் கிடக்கிறது, எடுத்து வைக்க நேரமில்லை.