கட்டுத்தரையில் மாடு இல்லை

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், எழுபதைக் கடந்த ஓர் அம்மாயியின் முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்த இடத்தைப் பற்றிக் கேட்டபோது, "மாடு முட்டிருச்சு கண்ணு" என்று சொல்லிச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கட்டுத்தரையில் மாடு இல்லை, விறகுதான் அடுக்கியிருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் முறை போனபோது, மருமகள் தறிக்குப் போயிருந்த வேளையில், அடிப்பது கணவர்தான் என்றும், கல்யாணமான நாள்முதல் இப்படித்தான் என்றும் அவராகவே சொன்னார். "இந்த வயசுல வெளிய சொன்னா பேத்திக்கு மாப்பிள்ளை அமையுமா சாமி?"

இப்படிப்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் வீட்டைவிட்டு வரச் சொல்வது பெரும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது. வாழும் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கும் உரிமையையும் அது தருகிறது. பராமரிக்க மறுப்பது பிள்ளைகளானால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

ஆனால் சட்டத்துக்கு முன்னால், சந்தேகம் எழாமல் அவ்வீட்டுக்குள் போய்வர ஒருவர் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், அம்மாயியின் சம்மதத்தோடு, பேசி வைத்தோம்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து, வெற்றிலைப் பைக்குள் சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.